இடம், ஈரம், சீட்டு: மலையகக் காட்டுப்பொருளின் விலை எங்கே தீர்மானமாகிறது?

கொழும்பில் நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த கபோஸ் லேனில் மரமஞ்சள் என்னும் காட்டுக் கொடித்தண்டைத் தராசில் நிறுத்து விற்கிறார்கள். ஹட்டனிலும் பதுளையிலும் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால், தடிமன் காய்ச்சலுக்கு மல்லியோடு சேர்த்து அவிக்க அதே மரமஞ்சள் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஆனால் அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோன ஒருவர் வழியில் பிடிபட்டார் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கடையில் இருந்தால் வியாபாரம், தோளில் இருந்தால் குற்றமா என்று மலையகத்தில் பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலுக்கு மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொருள் எது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. எந்தக் காணியிலிருந்து வந்தது, எந்தச் சீட்டோடு நகர்கிறது என்றும் கேட்கிறது. கடைக்காரரும் பொருளை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. கையை உள்ளே விட்டு ஈரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். இடம், ஈரம், சீட்டு ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும், மலையேறி இறங்கியவரின் கூலியில்தான் அது கழிகிறது.

## ‘வன விளைபொருள்’ என்பது மரம் மட்டுமல்ல

மரம் வெட்டினால்தான் குற்றம், காய் பொறுக்கினால் யார் கேட்பது என்பது பரவலான எண்ணம். சட்டத்தின் சொல்லோ மிக அகலமானது. காட்டில் கிடைத்த, அல்லது காட்டிலிருந்து கொண்டுவந்த பட்டை, இலை, பூ, காய், வேர், பிசின், தேன், மெழுகு, பிரம்பு எல்லாமே அதற்குள் அடங்கும். இதன் அடிப்படை, 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச்சட்டம். பல தடவை திருத்தப்பட்டு, 2009இன் 65ஆம் இலக்கச் சட்டத்தால் பெரிதாக மாற்றப்பட்டது.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச்சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் பயிரிடாத நிலத்தையும் அரசுக்குச் சொந்தமெனக் கொண்டது. கண்டிச் சீமையின் கிராமங்கள் அதுவரை விறகும் தேனும் மருந்தும் எடுத்துவந்த காடுகள் அப்படித்தான் கைமாறின. அவற்றில் பெரும்பகுதி கோப்பித் தோட்டமாகி, பிறகு தேயிலையானது. தேயிலைக்கு எட்டாத முகடுகளிலும் ஓடைக் கரைகளிலும் எஞ்சியதைத்தான் இன்று காடு என்கிறோம்.

## முதலில் காணியைக் கேளுங்கள்

ஒரே கடுக்காய், விழுந்த இடத்தைப் பொறுத்து ஐந்து விதமாகப் பார்க்கப்படும்.

1. பாதுகாப்புக் காடு, ஒதுக்குக் காடு. வன பரிபாலனத் திணைக்களத்தின் கையில் இருப்பவை. வர்த்தமானியில் எல்லை குறிக்கப்பட்டவை. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாப்புக் காடானது. அனுமதியில்லாமல் இங்கே எதை எடுத்தாலும் குற்றம்.

2. வனஜீவராசிகள் திணைக்களத்தின் பகுதிகள். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா, ஹக்கல கடும் இயற்கை ஒதுக்ககம், சிவனொளிபாதமலைக் காடு ஆகியவை. இவற்றுக்கு 1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பொருந்தும். சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. இங்கே சேகரிப்பு என்ற பேச்சே வேண்டாம்.

3. ஏனைய அரச காடு. வர்த்தமானியில் வராத துண்டுக் காடுகள். குழப்பம் பிறப்பதே இங்கேதான். 2001இல் ஒரு சுற்றறிக்கை இவற்றை வன பரிபாலனத் திணைக்களத்திடம் கொடுத்தது. 2020 நவம்பரில் வந்த இன்னொன்று நிர்வாகத்தைப் பிரதேச, மாவட்டச் செயலகங்களின் பக்கம் திருப்பியது. அதை எதிர்த்து வழக்குகளும் போயின. ஒரு அலுவலகத்தில் ‘எடுக்கலாம்’ என்று வாயால் சொன்னதை நம்பிப் போனவரை மற்ற அலுவலகம் பிடித்தால், வாய்ச்சொல் சாட்சிக்கு வராது. இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்பதுதான் வழி.

4. தோட்டக் காணி. 1970களில் தேசியமயமாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை. தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டுத் துண்டு, ஓடையோரக் கித்துள் (பதநீர் தரும் பனை வகை), விறகுக்கு நட்ட டர்பன்டைன் மரம் எல்லாமே குத்தகைக் காணிக்குள் இருப்பவை. இங்கே எடுக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும்.

5. சொந்தக் காணி. உறுதிப் பத்திரம் உள்ள வீட்டுத்தோட்டம். இங்கே விளைந்ததை எடுக்கத் தடை குறைவு. ஆனால் சில இனங்களை வெளியே கொண்டுபோகும்போது சீட்டு கேட்பார்கள்.

இந்தப் பட்டியலில் ஐந்தாவது வரிதான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவரையும் பக்கத்துக் கிராமத்தவரையும் பிரிக்கிறது. கண்டி, மாத்தளைக் கிராமங்களில் வீட்டைச் சுற்றியே கித்துளும் கொறக்காயும் (கொடம்புளி) சாதிக்காயும் நிற்கும். கிராம உத்தியோகத்தரிடம் போய் ‘இது என் காணியில் விளைந்தது’ என்று கடிதம் வாங்கலாம். லயத்துக் குடும்பத்துக்கு நான்கு தலைமுறை கழிந்தும் காட்ட உறுதி கிடையாது. ஒரே காயை ஒரே நாளில் பொறுக்கினாலும், ஒருவருடையது வீட்டுத்தோட்ட விளைச்சல். மற்றவருடையது எங்கிருந்து வந்ததென்று தெரியாத சரக்கு. இரண்டாமவர் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டுவதற்குக் காரணம் பேரம் பேசத் தெரியாதது அல்ல.

## ஈரம்: நிறை எங்கே போகிறது?

காட்டுப்பொருளில் பெரும்பாலானவற்றை நிறைக்குத்தான் வாங்குகிறார்கள். பச்சையாக எடுத்தால் நிறையில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்தது என்று சொல்லிக் கொடுத்ததிலும் ஈரம் மிஞ்சியிருக்கும். வியாபாரி ‘ஈரத்துக்குக் கழிவு’ என்று சொல்லும்போது அது நியாயமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும்.

20 கிலோ சரக்கில் 25 வீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 5 கிலோ, உலர்பொருள் 15 கிலோ. கடைக்கு வேண்டியது 12 வீத ஈரம். அப்படியானால் உலர்பொருள் 88 வீதமாக இருக்க வேண்டும். 15ஐ 0.88ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 கிலோ. எனவே 3 கிலோ கழிப்பது சரி. 5 கிலோ கழித்தால் அது ஈரத்துக்கான கழிவு அல்ல. கடைக்காரர் ஈரமானி வைத்திருந்தால் அளவை உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாத இடத்தில், ஒரு கிலோவை எடுத்து நன்றாகக் காயவைத்துத் திரும்ப நிறுத்துப் பார்ப்பதுதான் வழி.

இதை வெயிலுள்ள ஊரில் சொல்வது சுலபம். நுவரெலியா, மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவத்தில் வாரக்கணக்காக வெயில் முகம் தெரியாது. நிலத்தில் படங்கு விரித்துப் பரப்பினால் மேற்பக்கம் காயும், அடிப்பக்கம் வியர்க்கும். மூன்றாம் நாள் வெண்பூஞ்சணம் பிடிக்கும். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் கம்பி வலைத் தட்டு கட்டி, மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீனைச் சாய்வாகப் போட்டு, நான்கு பக்கமும் காற்றுப் போக விட வேண்டும். பொலித்தீனை இறுக்கி மூடினால் உள்ளே நீராவி தங்கி, அவித்த காயாகிவிடும்.

## கித்துள்: சில மணி நேரத்தில் மாறும் பொருள்

மலையகத்தின் தாழ்ந்த சரிவுகளில் காசு பார்க்கக்கூடிய காட்டு மரம் கித்துள்தான். ஈரத்தின் கணக்கும் சட்டத்தின் சிக்கலும் இந்த ஒரு மரத்தில் ஒன்றாகத் தெரிகின்றன.

கித்துள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும். கடைசிப் பாளை கீழே வந்து முடிந்தால் மரம் பட்டுப்போகும். பாளை விரியுமுன் மேல்மடல்களை நீக்கி, பூங்கதிர்களைச் சேர்த்துக் கட்டி, அடியில் ஒரு சிறு வெட்டில் மருந்து வைப்பார்கள். சுண்ணாம்பு, உப்பு, மிளகு, சாம்பல் என்று கலவை ஊருக்கு ஊர் மாறும். சில நாள் கழித்து நுனியைச் சீவினால் பதநீர் இறங்கத் தொடங்கும். காலையும் மாலையும் மெல்லிய சீவல். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும்.

பதநீரில் சர்க்கரை ஏறக்குறைய 12 முதல் 15 வீதம். காற்றிலும், பதநீர் இறங்கும் முட்டிப் பானையின் சுவரிலும் உள்ள மதுவம் (ஈஸ்ட்) சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். அதை நிறுத்தத்தான் முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டையோ கொஞ்சம் சுண்ணாம்பையோ போடுகிறார்கள். இங்கே வழக்கமாக நேரும் பிழைகள்:

1. முட்டியைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டுத் திரும்பக் கட்டுவது. நேற்றைய மதுவம் இன்றைய பதநீருக்கு உறை மோராகிறது. கொதிநீர் ஊற்றி, கவிழ்த்துக் காயவிட வேண்டும்.

2. பயத்தில் சுண்ணாம்பை அள்ளிப் போடுவது. பதநீரைக் காய்ச்சி எடுக்கும் பாணி கறுத்து, நாக்கில் காறும்.

3. இறக்கிய பதநீரை மாலை வரை சேர்த்துவைத்து ஒன்றாகக் காய்ச்சுவது. லேசாகப் புளித்தாலும் கரும்புச்சர்க்கரை வகை உடைந்து எளிய சர்க்கரையாகும், அது உறையாது. இதனால்தான் சிலருக்குப் பாணி வரும், கருப்பட்டி மட்டும் கட்டியாகாமல் பிசுபிசுக்கும். குற்றத்தை அடுப்பின் மேல் போட்டுப் பயனில்லை.

4. அடிபிடிக்கும் பயத்தில் சீக்கிரம் இறக்குவது. பாணியின் சர்க்கரைச் செறிவு 65 பாகைக்கு (பிரிக்ஸ்) கீழே நின்றால் போத்தலுக்குள்ளேயே நுரைத்து மூடியைத் தள்ளும். 70ஐத் தாண்டினால் பயமில்லை. இதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி. ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தாலே போதும்.

இனிக் கணக்கு. 13 வீதப் பதநீரை 70 வீதப் பாணியாக்க வேண்டும். ஒரு லீற்றர் பாணி ஏறத்தாழ 1.35 கிலோ, அதில் சர்க்கரை 0.95 கிலோ. அந்தச் சர்க்கரை வேண்டுமானால் 7 லீற்றர் பதநீர் தேவை. அதாவது 6 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். மூன்று கல் அடுப்பில் சூட்டின் பத்தில் ஒன்றோ கொஞ்சம் கூடவோதான் பாத்திரத்துக்குப் போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு லீற்றர் பாணிக்கு 7 முதல் 10 கிலோ காய்ந்த விறகு எரியும். ஈர விறகென்றால் இன்னும் கூட. இந்த விறகும் காட்டுப்பொருள்தான் என்பதைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பாணி விலையைப் பார்த்து லாபம் என்று நினைப்பவர், விறகு சுமக்கும் பெண்ணின் அரை நாளை இலவசமாக எடுத்துக்கொள்கிறார். புகைபோக்கியோடு சுவர் எழுப்பிய அடுப்பும், வாய் அகன்ற சட்டியும் முதலில் செலவாகத் தெரியும். விறகைப் பாதியாக்கினால் அதுவே வருமானம். பொங்கி வழியும்போது ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

சட்டச் சிக்கல் இதே முட்டிக்குள் இருக்கிறது. காலையில் இறக்கியது பதநீர், மதியத்தில் கள். கள் என்றால் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் வட்டத்துக்குள் வந்துவிடும். பாணி காய்ச்சுபவர் ‘நான் கள் விற்கவில்லை’ என்று வாதாடுவதைவிட, முட்டி சுத்தமாக, பதநீர் இனிப்பாக, அடுப்பு மரத்துக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருப்பதே பேசும். இருந்தாலும் உங்கள் பிரதேசத்தில் மதுவரி அலுவலகம் என்ன கேட்கிறது என்பதைப் பாளை கட்டுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

## கொறக்காய், கடுக்காய், தேன்

கொறக்காயில் வேலை எளிது; கவனம்தான் வேண்டும். பழுத்த காயைச் சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையை நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வாட்டி, அடுப்புக்கு மேலான பரணில் புகை காட்டிக் கறுக்க வைப்பார்கள். 10 கிலோ சுளையிலிருந்து ஒன்றரைக் கிலோ போலத்தான் தேறும். வெயில் கிடைக்காமல் நேரே புகையில் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் கறுத்து உள்ளே கூழாக இருக்கும். அந்தச் சரக்கைக் கடைக்காரர் ஒன்றைப் பிய்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அமிலம் அரிக்கும் என்பதால் தகரத் தட்டு உதவாது. மூங்கில் தட்டு அல்லது பாய்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் ஊவாப் பக்கத்துப் பொருள். மலைச்சரிவு இறங்கி மொனராகலைப் பக்கம் போனால் நில்கல என்னும் புல்வெளிக்காடு இம்மூன்றுக்கும் பேர்போனது. கடுக்காயில் தோல்தான் மருந்து. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று பாட்டிமார் சொல்வது கொட்டையை விலக்கச் சொல்லித்தான். கொட்டையோடு விற்றால் நிறை கூடும், விலை இறங்கும். இறங்கிய விலையையும் கூடிய நிறையையும் பெருக்கிப் பார்க்காமல் கொட்டையோடு கொடுப்பவர்கள் ஏராளம்.

பெயரில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிங்களத்தில் கடுக்காய் ‘அரளு’. தமிழில் ‘அரளி’ உயிர்கொல்லும் நஞ்சு. தொலைபேசியில் ஓடர் எடுக்கும்போது, சீட்டு எழுதும்போது இந்த ஒரு எழுத்து மாறினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொட்டலத்தில் இரு மொழிப் பெயரையும் எழுதுங்கள்: அரளு என்றால் கடுக்காய், புளு என்றால் தான்றிக்காய், இரமுசு என்றால் நன்னாரி, ஹாத்தாவாரிய என்றால் சாத்தாவாரி, வெனிவெல் என்றால் மரமஞ்சள். நெல்லிக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே பெயர்.

தேனில் மலைப்பாறையில் தொங்கும் பெருந்தேனீயின் தேன் அளவில் அதிகம், ஈரத்திலும் அதிகம். 20 வீதத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் நாளடைவில் புளிக்கும். மெழுகு மூடாத அறைகளையும் சேர்த்துப் பிழிவதுதான் முதல் காரணம். குஞ்சுள்ள பகுதியோடு சேர்த்துப் பிழிந்தால் கலங்கி, சீக்கிரம் கெடும். மூடிய அறைகளை மட்டும் வெட்டி, துணியில் தொங்கவிட்டுத் தானாக வடியவிட வேண்டும், பிழியக்கூடாது. குஞ்சுப் பகுதியைப் பாறையிலேயே விட்டுவந்தால் கூட்டம் அங்கேயே தங்க வாய்ப்புண்டு.

தோட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பத்திரிகைகளில் ‘குளவி கொட்டியதில் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்’ என்று வரும் செய்திகளில் பல உண்மையில் இந்தப் பெருந்தேனீயின் வேலை. மேலே பாறையில் ஒருவர் பகலில் புகை போட்டுக் கூட்டைக் கலைத்தால், கீழ்மலையில் கொழுந்து பறிப்பவர்கள்தான் அகப்படுவார்கள். கீழே ஆள் நிற்கும் நேரத்தில் கூட்டைத் தொடுவது தேன் எடுப்பதல்ல.

## எந்தப் பாகத்தை எடுத்தால் செடி பிழைக்கும்?

விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்புண்டு. அடுத்த வருடம் அதே இடத்தில் பொருள் இல்லையென்றால் இன்னும் இரண்டு மைல் உள்ளே போக வேண்டும்; அங்கே காணியின் வகையும் மாறிவிடும்.

1. காய், பழம்: ஆபத்துக் குறைவு. ஆனால் நெல்லி பறிக்கக் கிளையையே வெட்டிப் போட்டால் அடுத்த காய்ப்புப் போய்விடும். உதிர்ந்த காய் கண்ணில் படட்டும் என்று புல்லுக்குத் தீ வைப்பது அதைவிட மோசம். ஊவாப் பத்தனைகளில் (புல்மலைகளில்) அந்தத் தீ ஒரு மலையோடு நிற்பதில்லை.

2. பட்டை: ஒரு பக்கம் மட்டும், நீளவாக்கில். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லாமல் மரம் பட்டுப்போகும்.

3. வேர்: நன்னாரி, சாத்தாவாரி போன்றவற்றில் பக்க வேரை எடுத்து, தண்டின் அடிப்பகுதியோடு கொஞ்சம் வேரை விட்டு மண் மூடினால் திரும்பத் துளிர்க்கும். காய்கள் உதிருமுன் தோண்டக்கூடாது.

4. முழுக் கொடி: மரமஞ்சளில் வேண்டியது தண்டு. அடியோடு வெட்டினால் கதை முடிந்தது. விரல் பருமனிலிருந்து கைத்தடிப் பருமனுக்கு அது வர ஆண்டுகள் பல ஆகும். மழைக்காடுகளில் இது அரிதாகிப்போனதற்கும், கெடுபிடி இதில் கூடியதற்கும் இந்த மெதுவான வளர்ச்சியே காரணம்.

வல்லப்பட்டை மரம் இந்தப் பட்டியலுக்கே வெளியே நிற்க வேண்டும். 2012ஐ ஒட்டி, இதற்குள் அகில் போன்ற மணப் பிசின் இருக்கிறது என்ற பேச்சுப் பரவி, மரங்கள் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டன. விமான நிலையத்தில் பிடிபட்ட பொதிகள் பற்றிச் செய்தி வந்துகொண்டே இருந்தது. பிசின் எல்லா மரத்திலும் இருப்பதில்லை. காயம்பட்டு, பூஞ்சணம் தொற்றிய மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பதே அந்தக் கறுத்த பகுதி. நல்ல மரத்தின் உள்ளே வெள்ளைக் கட்டை, வாசனை கிடையாது. வெட்டிப் பார்த்து வெறுங்கையோடு போனவர்களே அதிகம். இந்த இனம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது; அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ‘வெட்டித் தா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வரும் தரகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

## சீட்டு: பிடிபடுவது எங்கே?

காட்டுக்குள் பிடிபடுபவர்களைவிட வீதியில் பிடிபடுபவர்கள் அதிகம். எடுக்க அனுமதி வேறு, கொண்டுசெல்ல அனுமதி வேறு என்பது பலருக்குத் தெரியாது. பயணம் சுமுகமாக முடிய இந்த ஒழுங்கு உதவும்:

1. பொருள் விளைந்த காணியின் சான்று. சொந்தக் காணியென்றால் உறுதியின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும். தோட்டக் காணியென்றால் நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம்.

2. அதை வைத்து வட்டார வன அலுவலகத்தில், இந்தப் பொருளுக்குக் கொண்டுசெல் அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேட்பது. தேவையில்லை என்றால், யார் எப்போது அப்படிச் சொன்னார் என்று குறித்துவைப்பது.

3. பத்திரம் கிடைத்தால் நான்கு விடயங்களை அலுவலகத்தை விட்டு இறங்குமுன் ஒப்பிடுவது: பொருளின் பெயர், நிறை, புறப்படும், சேரும் இடங்கள், செல்லுபடியாகும் நாள். வாகன இலக்கம் கேட்டிருந்தால் அதுவும்.

மூன்றாவதில்தான் ஈரம் திரும்ப வந்து காலைப் பிடிக்கிறது. காய்ந்த சரக்கை 30 கிலோ என்று எழுதி வாங்கிவிட்டு, இரண்டு நாள் மழையில் வைத்திருந்து சோதனைச் சாவடியில் நிறுத்தால் 33 காட்டும். மூன்று கிலோ தண்ணீர் என்று அங்கே விளக்கம் சொல்ல வேண்டிவரும். உள்ளே பொலித்தீன் உறை, வெளியே சாக்கு, வாய் இறுக்கிய கட்டு என்று கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அரைகுறையாகக் காய்ந்ததை உறையில் அடைத்தால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

கடையில் மரமஞ்சள் வைத்திருப்பவர் சட்டத்துக்கு மேலானவர் அல்ல. அவரிடம் கொள்முதல் சீட்டு இருக்கும், அல்லது இருக்க வேண்டும். சோதனை வந்தால் காகிதம் அவர் பக்கம் பேசும். சரக்கைக் கொண்டுவந்தவரிடம் காகிதம் இல்லாததால்தான் அதை அவர் மலிவாக வாங்கினார் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். முற்பணம் கொடுத்துவிட்டுச் சரக்கைப் பிறகு எடுக்கும் ஊர் முதலாளியிடம் இது இன்னும் இறுகும். கடன் இருப்பவர் வேறு கடையில் விலை கேட்க முடியாது. ஐந்தாறு குடும்பம் சேர்ந்து ஒரே சீட்டில், ஒரே தரமாகக் காயவைத்து, நகரக் கடைக்கு நேரே கொண்டுபோனால் அந்த இடைப்படி ஒன்று குறையும். ஆனால் அதில் ஒருவர் ஈரச் சரக்கைக் கலந்தாலும் முழுப் பொதியும் ஈர விலைக்குப் போகும். கூட்டு முயற்சிகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாக்குக்குச் சாக்கு பெயர் எழுதிக் கட்டுவது சங்கடமாக இருந்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

## வீட்டு வாசலுக்குக் கொண்டுவருதல்

தோட்ட வீடமைப்பில் 7 பேர்ச் காணி கிடைத்த குடும்பங்களுக்கு, மேலே சொன்ன ஐந்தாவது வரி முதன்முறையாகத் திறக்கிறது. இடம் சின்னது, காட்டையே கொண்டுவர முடியாது. ஆனால் வேலியோரத்தில் சாத்தாவாரியும், கல்வரம்பின் இடுக்கில் நன்னாரியும் பிடிக்கும். காணியின் சான்று கையில் இருந்தால், பேரம் பேசும்போது முதல் கேள்விக்கு விடை தயாராக இருக்கும்.

கித்துளுக்குப் பொறுமை வேண்டும். நட்டதிலிருந்து முதற்பாளை வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். தாழ்ந்த மலைகளில்தான் நன்றாக வரும். நுவரெலியாவின் குளிரில் நட்டு ஏமாற வேண்டாம். நன்றாகப் பதநீர் தந்த மரத்தின் முற்றிய பழத்தை விதைக்கு எடுக்க வேண்டும். சதை தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும்; கையுறை இல்லாவிட்டால் பழத்தைச் சாக்கில் போட்டு, மண் சேர்த்துக் காலால் உருட்டித் தேய்த்து, ஓடும் நீரில் கழுவலாம். விதை முளைக்க மாதக்கணக்காகும். மூன்றாம் மாதம் முளை தெரியவில்லையென்று பையைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல், நிழலில் வைத்து, ஈரம் காயாமல் விட்டுவையுங்கள்.